ஐயத்துக்குரியது

என் மனைவி "சரி" என்று சொன்ன வேகத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

வேலையை விடப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு வருஷம் சம்பளம் கிடையாது, பெரிய மருத்துவமனையில் காது பரிசோதகர் படிப்பு, வீட்டு வாடகை, கரண்ட் பில், மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அவள் தலையில்தான். இத்தனையும் சொல்லி முடித்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரி, சேருங்க."

அவ்வளவுதான். நாற்பத்தொரு வயசில் இது என்ன கிறுக்கு என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் பதினேழு வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவன். கடை எரிந்துவிட்டது, கார் நசுங்கிவிட்டது, இடுப்பு போய்விட்டது என்று நஷ்டஈடு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்த் துருவுவது என் வேலை. எதுவும் கேட்காமல் தலையாட்டுகிறவர் எதையோ மறைக்கிறார் என்பது என் அனுபவம். இன்னொரு விதியும் வைத்திருந்தேன். முதலில் எழுதப்பட்ட தாள்தான் உண்மை பேசும், பிறகு வருவதெல்லாம் யோசித்துச் சேர்த்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதை என் பெயர் சொல்லியே பயன்படுத்தினார்கள்.

அந்த வேலை எனக்கே கசந்துவிட்டது. கடைசியாகப் போன வீட்டில் ஒருவருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. அவர் பேசப் பேச, நான் அவருடைய இடது கையைப் பார்த்து, இவர் பிறவியிலேயே இடக்கைக்காரராக இருந்தால் தொகையைக் குறைக்கலாமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். படியிறங்கும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. வீட்டிலும் அதே புத்திதான். காய்ச்சல் என்று மகள் சொன்னால் இரண்டு முறை தெர்மாமீட்டர் வைப்பேன். அவள் எனக்கு வைத்த பெயர் சிஐடி.

படிப்பில் சேர்ந்தேன். புத்தி மட்டும் சேராமல் பழைய இடத்திலேயே நின்றது.

இரண்டு மூன்று மாதத்தில் மனைவியிடம் மாற்றங்கள் தெரிந்தன. சாப்பாட்டு மேஜையில் பத்து வருஷமாக உட்கார்ந்த நாற்காலியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனாள். போன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். தெருவில் நடக்கும்போது, "நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று என்னைச் சுற்றி வரச் சொன்னாள். சில நாள் நான் பேசினால் பதிலே இல்லை. சில நாள் எதற்கென்று தெரியாமல் ஒரு சிரிப்பு.

"மாசம் எப்படி ஓடுது?" என்று கேட்டால், "ஓடுது, நீங்க படிங்க" என்பாள்.

எப்படி ஓடுகிறது? அதுதான் என் கேள்வி. அவளுக்கு வேலை பாத்திரத் தொழிற்சாலையில். தகட்டை அச்சில் வைத்து மூடிகளாக அழுத்தும் பிரஸ் இயந்திரம். அந்தச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட்டு, என் கட்டணமும் கட்டி, மாதக் கடைசியில் அவள் முகம் வாடாமல் இருப்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போனதும் கைப்பையைத் திறந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் திறந்தேன்.

சம்பளச் சீட்டு நான்காக மடிந்திருந்தது. அதில் எனக்குத் தெரியாத ஒரு வரி: இரைச்சல் படி. நான் வேலையை விட்ட அதே மாதத்திலிருந்து என்று தேதியும் போட்டிருந்தது. பெரிய பிரஸ்ஸுக்கு மாறியிருக்கிறாள், கூடுதல் பணம் வருகிறது, என்னிடம் மூச்சு விடவில்லை! தனியாகச் சேர்க்கிறாள் என்று முடிவு செய்தேன். எதற்கு? என்னை விட்டுப் போகவா? சீட்டை அதே மடிப்பில் திருப்பி வைத்தேன். அதில் நான் கைதேர்ந்தவன்.

அரையாண்டுச் செய்முறைத் தேர்வு வந்தது. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வந்து பரிசோதிக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். முதல் முறையாகத் தயங்கினாள்.

"வேற யாராவது கிடைக்க மாட்டாங்களா? லீவு போடணுமே."

"ஒரு மணி நேரம்தான். என்ன பயம்?"

"பயமெல்லாம் இல்ல."

வந்தாள். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தேன். நான் வெளியே கருவியின் முன். சன்னமான ஒலியை அனுப்புவேன், கேட்டதும் அவள் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். வலது காதில் டக் டக்கென்று அமுக்கினாள். இடது காதுக்கு மாற்றினேன். எதுவும் இல்லை. ஒலியைக் கூட்டினேன். இல்லை. பக்கத்து அறைக்கே கேட்டுவிடும் அளவுக்குக் கூட்டிய பிறகுதான் ஒரு அமுக்கல். அப்போது கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. என் படிப்பைக் கவிழ்க்கத்தான் இந்த நாடகம் என்று பட்டது. இதில் தோற்றால் நான் பழைய வேலைக்கே போயாக வேண்டும், அவள் சுமையும் இறங்கும். வாயால் சொல்ல முடியாததை விரலால் செய்கிறாள்!

படிவத்தின் கீழே மூன்று கட்டங்கள் உண்டு. பதில்களின் நம்பகம்: நன்று, சுமார், ஐயத்துக்குரியது. மூன்றாவதில் டிக் போட்டேன். குறிப்புக்கான இடத்தில், பதினேழு வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதியது: "வேண்டுமென்றே பதில் தரவில்லை எனத் தோன்றுகிறது." கையெழுத்துப் போட்டுப் பயிற்சியாளர் மேடத்திடம் நீட்டினேன்.

அவர் படித்துவிட்டுத் தானே கருவியின் முன் உட்கார்ந்தார். மூன்று முறை, ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்பிப் பரிசோதித்தார். வரைபடத்தில் மூன்று கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்தன.

"நடிக்கிறவங்களுக்கு மூணு தடவையும் ஒரே இடத்துல நிறுத்தத் தெரியாதுப்பா. இடது காது பெரும்பாலும் போயிடுச்சு. உன் அளவு எல்லாம் சரி, அதனால தேர்வுல பாஸ். கடைசியா எழுதினதுதான் தப்பு."

நடைபாதை பெஞ்சில் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து, எப்போதிலிருந்து என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபக்கம் போய் மறுபடி கேட்டேன்.

"முன்னாடியே லேசா இருந்துச்சு. பெரிய பிரஸ் எனக்கு இடது பக்கம் நிக்கும். அங்க போன பிறகு சுத்தமா போச்சு."

"காதுல ஏதாவது அடைச்சுக்கலாம்ல?"

"அடைச்சா மெஷின் சத்தம் மாறுறது தெரியாது. விரல் போயிரும்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அன்னைக்கே படிப்ப விட்டிருப்பீங்க. அந்தப் படியிலதான உங்க ஃபீஸ் ஓடுது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கைப்பையைத் துருவியதைச் சொல்லவில்லை. படிவத்தில் எழுதியதையும் சொல்லவில்லை. அதற்கான தைரியம் வரவில்லை.

பரிசோதனை முடிவைப் பார்த்து, தொழிற்சாலையில் அவளைப் பெரிய பிரஸ்ஸிலிருந்து எடுத்து, மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். படி நின்றது. மீதி அரை வருஷத்தை ஓட்டவும், அவள் காதுக்கு ஒரு கருவி வாங்கவும் ஒரே வழிதான் இருந்தது: தொழிற்சாலைக் காப்பீட்டில் நஷ்டஈடு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த இடம் என் பழைய அலுவலகம்.

விசாரணைக்கு வந்தவர் பத்து வருஷம் என் பக்கத்து மேஜையில் இருந்தவர். நலம் விசாரித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், மனைவியிடம் இதமாகப் பேசினார். பேச்சுக்கு நடுவே சாவிக்கொத்து அவர் கையிலிருந்து அவளுடைய இடது பக்கம், முதுகுக்குப் பின்னால் நழுவி விழுந்தது. அவள் அசையவில்லை. அந்தச் சாவிக்கொத்து தற்செயலாக விழவில்லை என்று எனக்குத் தெரியும். அது நான் கண்டுபிடித்த வித்தை.

பிறகு ஒரு தாளின் நகலை மேஜை மேல் வைத்தார்.

"மருத்துவமனைக் கோப்புல இருந்துச்சு. இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா. நான் எழுதினது தப்பு. அதுக்கு அடுத்த தாள பாருங்க, அன்னைக்கே மூணு தடவை எடுத்தாங்க."

"பார்த்தேன் சார். ஆனா முதல் தாள்தான் உண்மை பேசும்னு நீங்கதான சொல்வீங்க?" குரலில் கேலி இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். "மேல அனுப்புறேன். என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

'பார்ப்போம்' என்று நானும் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு வீட்டுக்குக்கூடப் பணம் போனதில்லை.

அவரை வாசல் வரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். மனைவி அந்த நகலைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். உதடுகள் ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இத எப்ப எழுதினீங்க? நான் அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்தப்பவா?"

"ஆமா," என்றேன்.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுமே கேக்கலியே, உங்க மார்க்கு போயிருமோன்னு பயந்துக்கிட்டு உங்களப் பார்த்துச் சிரிச்சேனே, அப்பவா?"

அப்போதுதான் நான் நின்றிருந்த பக்கம் உறைத்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போய் நின்று, இன்னொரு முறை ஆமாம் என்றேன்.