அரசப்பன் பள்ளிக்கு வாங்கிய பியானோ

எங்கள் பள்ளிக்கூடத்துப் பியானோ, ஆய்வாளர் வந்த அன்றைக்குப் பார்த்துத்தான் உயிரை விட்டது. 1972ஆம் வருஷம், மழை விட்ட கையோடு. இறைவணக்கத்துக்காகச் சாராள் டீச்சர் கட்டைகளில் விரலை வைத்தார். சத்தம் வரவில்லை. அடிப்பலகை தானாகவே கழன்று விழுந்து, கறையான் மண் பொலபொலவென்று அவர் புடவையில் கொட்டியது. ஆய்வாளர் நல்ல மனிதர். "இது என்ன வாத்தியம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டிபன் சாப்பிடப் போனார்.

நான் அந்தப் பள்ளியின் குமாஸ்தா, அப்பாவு. பள்ளி, கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிப்பக்கம் போகிற சாலையில் இருந்தது. ஐம்பது காணி நெல் நிலத்துக்குச் சொந்தக்காரரான வீரராகவன் தன் தகப்பனார் அரசப்பன் பெயரில் நடத்திய பள்ளி அது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார உப்பு இலாகா அதிகாரி தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டதுதான் அந்தப் பியானோ. பொன்னேரி முதல் ஆரம்பாக்கம் வரை எந்தப் பள்ளியிலும் இல்லாத பொருள் எங்களிடம் இருந்தது. எல்லாப் பள்ளியிலும் இருந்த விஞ்ஞான ஆய்வுக்கூடம் மட்டும் எங்களிடம் இல்லை. அதற்காக யாரும் வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

பியானோவில் தினமும் வாசிக்கப்பட்டது பள்ளிப் பாட்டு. இயற்றியவர் வீரராகவன். பன்னிரண்டு வரி; ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "அரசப்பன்" என்று வரும். அப்போது எல்லோரும் நெஞ்சில் கை வைக்க வேண்டும். வெறும் வாயால் பாடினால் அந்தப் பெயருக்குக் கம்பீரம் போதாது என்பது அவர் கருத்து. ஆகவே நிர்வாகக் குழு கூடி, வேறு பியானோ வாங்க ஆயிரத்து இருநூறு ரூபாய் ஒதுக்கியது.

வாங்கிவரப் போனவர்கள் நால்வர். வீரராகவன், ரைஸ்மில் துலுக்காணம், ரசீது வாங்க நான், கடைசியாக, பியானோ வாசிக்கத் தெரியும் என்கிற அற்பக் காரணத்துக்காகச் சாராள் டீச்சர்.

டீச்சர் தன் சர்ச் சபைக்காரர்கள் மூலம் ஓர் இடம் விசாரித்து வைத்திருந்தார். பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள், ரயில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவரின் மனைவி, குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறாராம். சென்னையில் இறங்கியதும் நேரே அங்கே போனோம். வீட்டில் பாதிச் சாமான்கள் பெட்டியில் ஏறிவிட்டன. மூலையில் பியானோ நின்றது. பாலிஷ் போய், மேலே டம்ளர் வைத்த வட்டம் வட்டமான கறைகளோடு.

டீச்சர் ஒவ்வொரு கட்டையாக, எண்பத்தைந்தையும் அழுத்திப் பார்த்தார். அடிப்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, தரையில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் சட்டம் முழுக்க இரும்பு. கம்பிகளைச் சுருதிக்கு முறுக்கி நிறுத்தும் முறுக்காணிகள் இறுக்கமாக இருந்தன. கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி தொடவில்லை. எழுந்து ஏதோ ஒன்றை மெதுவாக வாசித்தார். வீட்டுக்கார அம்மாள் கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, ஆயிரம் என்று சொல்லியிருந்த விலையை யாரும் கேட்காமலே தொள்ளாயிரமாகக் குறைத்தார்.

விலையைக் குறைத்ததும் துலுக்காணத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா அண்ணே, கேக்காமலே கொறைக்கிறாங்கோ? உள்ள இன்னாவோ கோளாறு கீது."

வீரராகவன் டம்ளர் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இத்த மேடையில வச்சா நைனா பேரு இன்னாத்துக்கு ஆவும்? டீக்கடை பெஞ்சாட்டம் கீது. வேற எடம் பாக்கலாம், வாம்மா."

"ஐயா, சத்தம் ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் டீச்சர்.

"சத்தம் எல்லாத்துலயுந்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்து பெரியமேட்டில் ஒரு பழைய சாமான் கடை. எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைத் துலுக்காணம் வாசலிலேயே சொல்லிவிட்டதால், அங்கிருந்த பியானோவின் விலை சரியாக ஆயிரத்து இருநூறாக இருந்தது. பியானோவா அது! முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பாலிஷ். இரண்டு பக்கமும் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள். வீரராகவன் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். துலுக்காணம் மாட்டுச்சந்தைக்குப் போகிற பழக்கம் உள்ளவர். கட்டைகளை எண்ணிப் பார்த்து, "பல்லு எல்லாம் சரியா கீது" என்றார். பிறகு முதுகில் ஓங்கித் தட்டினார். அது தாங்கியது. சோதனை முடிந்தது.

டீச்சரும் சோதித்தார். முறுக்காணிகளில் பாதி கையால் திருகினாலே சுற்றின. சட்டம் மரம், நடுவில் ஒரு விரிசல், அதன்மேல் புதுப் பாலிஷ். கட்டைகள் பதினொன்று பேசவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

"எண்பத்தஞ்சுல பதினொன்னு போனா இன்னாம்மா? மீதி எழுபத்தி நாலு கீதே, அதுல வாசிக்கக் கூடாதா?" என்றார் வீரராகவன்.

கடைக்காரர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்கள மாதிரி வெவரமானவங்க வர்றதே இல்லீங்க, ஐயா."

நான் பையிலிருந்து பணத்தை எடுத்துவிட்டேன். அப்போதுதான் டீச்சர் சொன்னார்: "ஐயா, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம பள்ளிப் பாட்ட ஒரு தரம் வாசிச்சிடறேன். மங்களமா இருக்கும்."

வீரராகவனின் முகம் மலர்ந்தது. "அதான் மொற. எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா."

கடைக்காரர், அவருடைய கூலிகள் இருவர், நாற்காலி பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு தம்பதி, எல்லோரும் எதற்கென்று தெரியாமல் நின்றார்கள். டீச்சர் எந்தக் கட்டையில் ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். வழக்கத்தைவிடச் சற்று மேலே ஆரம்பித்தார். வீரராகவன் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, உரக்கப் பாடினார். முதல் வரி முடிவுக்கு வந்தது.

அ, ர, டொக், பன்.

கண்ணைத் திறந்தார். இரண்டாவது வரி. அ, ர, டொக், பன். மூன்றாவது வரியில் நாற்காலிக்காரப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூலிகளுக்கு அந்த நாகரிகமும் தெரியவில்லை. டீச்சர் மட்டும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், பன்னிரண்டு வரியையும் விடாமல் வாசித்தார். ஐந்தாவது வரியிலேயே வீரராகவன் பாடுவதை நிறுத்திவிட்டார். கை மட்டும் நெஞ்சிலேயே இருந்தது.

"எங்க நைனா பேரு வர்ற எடத்துல இன்னாய்யா டொக்குன்னு?" என்று கடைக்காரர் மேல் பாய்ந்தார்.

"அது... கம்பி புதுசா போட்டுக் குடுத்துடறேங்க..."

"அவரு செத்து எட்டு வருசம் ஆவுது, அவர் தலையில குட்டறியா நீ? அப்பாவு, துட்ட உள்ள வைய்யி!"

பெரம்பூருக்கு டாக்சியிலேயே போனோம். டம்ளர் வட்டங்கள் அங்கேயேதான் இருந்தன. டீச்சர் அதே பாட்டை வாசித்தார். தகப்பனார் பெயர் கோயில் மணி மாதிரி வந்து விழுந்தது. வீரராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது. "இன்னோரு தரம் வாசிம்மா" என்றார். டீச்சர் வாசித்தார். விலை பேசாமலே தொள்ளாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மாள் ரூபாயை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனவர், நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

துலுக்காணத்தின் நெல் லாரியில் பியானோ வந்து சேர்ந்தது. திறப்புவிழாவில் வீரராகவன் முக்கால் மணி நேரம் பேசினார். சென்னைப் பட்டணமே பளபளப்பைப் பார்த்து ஏமாறும்போது, தான் ஒருவன்தான் காதை நம்பித் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். துலுக்காணம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். டீச்சருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார்கள். ஆனால் பியானோவைத் திறப்பதற்கு முன் அதன் மேலேயே தேங்காய் உடைத்தார்கள். டீச்சர் பாய்ந்து போய்க் கைக்குட்டையால் துடைத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். "ஏம்மா, அந்த டொக்கு வேணும்னேதானே?"

"பதினோரு கட்டை போயிருந்தது சார். அதுல ஒன்னுகூட அவர் அப்பா பேர்ல வந்து விழாட்டி நான் இன்னா பண்ணியிருப்பேன்? அதான் எங்க ஆரம்பிக்கணும்னு யோசிச்சேன்" என்றார். சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து சரியாகத் தூங்கவில்லை, பொய் சொன்ன மாதிரி இருக்கிறது என்றார். வாசித்தது பொய்யில்லையே என்று நான் சொன்னேன்.

பிறகு ஓர் உதவி கேட்டார். ஏரிக் காற்றின் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும்; பியானோவின் அடிவயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரிந்தால் அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வீரராகவன் வந்து, பலகை இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். காரணம் கேட்காமல் கைகூப்பினார். அது நைனாவுக்காக ஏற்றிய அணையா விளக்கு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் மறுக்கவில்லை. கரண்டு பில் கூடுகிறதென்று அதை நிறுத்த இனிமேல் எவனுக்கும் தைரியம் வராது.