எந்த ஒயர் மைனஸ்

தங்கை ஜோதியின் கல்யாணத்துக்குத் தானே கீபோர்டு வாசிப்பதாகப் பிரிசில்லா சபையில் சொல்லியிருந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்துவிட்டு வந்து, தினமும் ஒரே பாட்டைத்தான் பழகினாள். கல்யாணத்தன்று விடிந்ததும் பார்த்தால், அடாப்டர் ஒயரை எலி கடித்து இரண்டாக்கியிருந்தது. கடை எதுவும் திறந்திருக்காது.

"ரெண்டுமே கறுப்பு ஒயர். எப்படியோ முறுக்கி ஒட்டிட்டா போச்சு," என்றான் கணவன் ஜெயசீலன்.

"கை வெக்காதீங்க. ஹஃப்ஸாக்காவ கூட்டினு வர்றேன்."

ஹஃப்ஸா அதே கம்பெனியில் மிஷின் ரிப்பேர் பார்ப்பவள், அடுத்த தெரு. வந்தவள் ஒயரைத் தொடாமல் கீபோர்டைக் கவிழ்த்து, பின்னால் அச்சிட்டிருந்த சின்ன வட்டப் படத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா அது?"

"இதுல சொருவுற முனைக்கு நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். மாத்திக் குடுத்தா உள்ள போர்டே போய்டும்."

"கரண்ட் பாக்குற மீட்டர் எடுத்துனு வரலியா?" என்றான் ஜெயசீலன்.

"அது கம்பெனில கீது. ஒரு டம்ளர் தண்ணி, கொஞ்சம் உப்பு குடுங்க, போதும்."

அடாப்டரோடு இருந்த இரண்டு ஒயர்களின் நுனியையும் சுரண்டி, ஒன்றில் நூல் கட்டினாள். இரண்டும் ஒட்டாதபடி உப்புத் தண்ணீரில் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"வேஸ்டு," என்றான் ஜெயசீலன்.

"உப்பு கம்மி. அவ்ளோதான்."

சுவிட்சை அணைத்து, இன்னொரு கரண்டி உப்பைக் கலக்கி மறுபடி போட்டாள். நூல் கட்டிய நுனியில் பொலபொலவென்று குமிழிகள் கிளம்பின. மற்றதில் பேருக்கு ஒன்றிரண்டு.

"எதுல ஜாஸ்தி பொங்குதோ அதான் மைனஸ்."

அடுத்து, கீபோர்டில் சொருகும் முனை இருந்த ஒயர்த் துண்டு. அதன் நடுத் துளையில் ஊக்கை நுழைத்து, ஒரு டார்ச் பேட்டரியையும் குட்டி பல்பையும் வைத்து இரண்டு ஒயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றில் பல்பு எரிந்தது. நடுத்துளைக்குப் போகும் ஒயர் அதுதான். அடாப்டரை அணைத்து, ஈரத்தைத் துடைத்து, நூல் கட்டியதை அதோடு முறுக்கினாள். மிச்சம் இரண்டையும் சேர்த்து, இரண்டு முறுக்குக்கும் தனித்தனியாக டேப் சுற்றினாள்.

கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரிசில்லா விரலை வைத்தாள், அழுத்தவில்லை.

"அமுத்து பிரிசி. நான் சொல்றேன்ல."

அழுத்தினாள். வீடு முழுக்கச் சத்தம். பாதி பின்னிய தலையோடு ஜோதி உள்ளேயிருந்து ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

சர்ச்சில் ஜோதி வாசலில் கால் வைத்ததும் பிரிசில்லா தாளைப் பார்க்காமலே வாசித்தாள். யார் காலும் ஒயரில் பட்டுவிடாதபடி, பட்டு வேட்டியோடு தரையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தான் ஜெயசீலன்.