மருந்துப் பெட்டி

ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி சின்னவள் உணவகத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினாள். ஒயரின் மறுமுனை வாசலில் நின்ற வெள்ளை வண்டிக்குள் போனது. வண்டிக்குள் குளிர்பெட்டி. பெட்டிக்குள் அப்பா.

ஆபரேஷனுக்காக அவளும் அண்ணனும் அப்பாவை நகரத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இன்று விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து வீட்டில் படுத்திருக்கும் அம்மா போனில் அழவில்லை. "முகம் மாறாம கொண்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். பாதி வழியில் வண்டி கொதித்துவிட்டது. இன்ஜினை அணைத்து ஆறவிடாவிட்டால் நடுரோட்டில் நின்றுவிடும் என்றார் டிரைவர். அணைத்தால் பெட்டி ஓடாது. உச்சி வெயில். அந்தத் தெருவில் திறந்திருந்தது இந்தக் கடை ஒன்றுதான்.

"நீ போய்க் கேளு" என்றிருந்தான் அண்ணன்.

"எதுக்குன்னு கேட்டா?"

"மருந்துப் பெட்டின்னு சொல்லு."

"அப்பாவைப் போய் மருந்துங்கற. மாத்திரையை எல்லாம் பூந்தொட்டியில போட்ட மனுஷன்."

"செடி நல்லாத்தானே வந்துச்சு." அவன் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னா உள்ள சாப்பிடறவங்க எழுந்து போயிடுவாங்க. புரிஞ்சுக்கோ."

உள்ளே நான்கு மேசைகள். இரண்டில் ஆட்கள் குனிந்து கிண்ணத்திலிருந்து நூடுல்ஸை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு வெந்த வாசனை. வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். வியட்நாமிலிருந்து வந்து கடை போட்டவள். இந்த ஊர் மொழி அவளுக்கும் பாதிதான் தெரியும், சின்னவளுக்கும் பாதிதான்.

"உக்காரு. முதல்ல டீ."

"இல்ல, ஒரு உதவி..."

"வேர்த்துப் போச்சு உனக்கு. டீ."

சின்னவள் உட்கார்ந்தாள். கண் வாசலிலேயே இருந்தது. டிரைவர் வண்டிக்குப் பின்னால் நின்று உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாயைச் சுட்டது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஒயரை நீட்டினாள்.

"கரன்ட் வேணும். கொஞ்ச நேரம். மருந்துப் பெட்டி."

அந்த அம்மாள் தலையாட்டினாள். ஒயரை வாங்கிக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்து போனாள். வெளியே டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எழுந்தவள் முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "மருந்து யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"எங்க இருக்கார்?"

"வீட்டுக்குத்தான் போறோம்."

"சாப்பிடறாரா?"

"இல்ல."

அந்த அம்மாள் உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே போனாள். அண்ணனும் டிரைவரும் வந்து உட்கார்ந்தார்கள். கேட்காமலேயே மூன்று கிண்ணங்கள் வந்தன. பச்சை இலைகள் ஒரு தட்டில் தனியாக.

டிரைவர் எலுமிச்சையைப் பிழிந்து மிளகாயை அள்ளிப் போட்டுக்கொண்டார். "சாப்பிடுங்க தங்கச்சி. வீட்டுக்குப் போனா உங்களுக்குத் தண்ணி குடிக்கக்கூட நேரம் இருக்காது."

"எவ்வளவு நேரம் ஆகும் ஆற?"

"சோறு மாதிரிதான். பார்த்துட்டே இருந்தா ஆறாது."

அண்ணன் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஒரு வாய் குடித்தான். பிறகு தலை நிமிராமல் குடித்தான். இத்தனை பசியோடு அவனைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. தன் கிண்ணத்தையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. விளக்கும் அணைந்தது.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. டிரைவர் வாயில் நூடுல்ஸோடு வெளியே ஓடினார். அண்ணன் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." அந்த அம்மாள் ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். விளக்கு வந்தது, மறுபடி போனது. சமையலறையை எட்டிப் பார்த்தாள். பிறகு கூரையில் தொங்கிய ஃபேனை, வாசலில் கிடந்த ஒயரை. ஃபேன் சுவிட்சை அணைத்தாள். உள்ளே போய் இன்னொரு சுவிட்சையும் அணைத்தாள். மூன்றாவது தடவை வந்த விளக்கு அணையாமல் நின்றது.

பக்கத்து மேசைக்காரர் சட்டையைப் பிடித்து உதறிக் காற்று வாங்கினார். "ஃபேன் என்னாச்சு?"

"இன்னிக்கு இல்ல. மருந்து இருக்கு" என்றாள் அந்த அம்மாள். கதவுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகித் திறந்து வைத்தாள்.

அவர் சின்னவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வியர்த்தபடியே சாப்பிட்டார்.

"அண்ணா, சொல்லிடலாம்" என்றாள் மெதுவாக.

"ஆறட்டும்."

"அவங்க கடை அண்ணா."

"அம்மா பார்க்கணும்" என்றான். அவள் மறுபடி வாசலைப் பார்த்தாள்.

டிரைவர் வந்து இன்ஜின் ஆறிவிட்டது என்றார். ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டு போனார். அண்ணன் பணம் கொடுத்தான். சின்னவள் கதவருகே போனபோது அந்த அம்மாள் பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தாள். மூடி போட்ட ஒரு டப்பாவை அதில் வைத்தாள். சூடாக இருந்தது.

"அப்பாவுக்கு. காரம் போடல. சாப்பிட முடியலன்னா இது இறங்கும். ஒரு வாய் போனாப் போதும்."

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"சாய்ச்சுப் பிடிக்காத" என்றாள் அந்த அம்மாள். "மூடி சரியில்ல."

ஃபேன் இல்லாமல் அவள் முகம் முழுக்க வியர்த்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அண்ணன் பின்னாலிருந்து சின்னவளின் முழங்கையைத் தொட்டான்.

"சரி" என்றாள் சின்னவள். "கொடுக்கிறேன்."

வண்டி நகர்ந்தது. அண்ணன் முன்னால் டிரைவரின் பக்கத்தில். அவள் பின்னால், பெட்டியை ஒட்டிய சிறிய இருக்கையில்.

"இன்னும் கைலயா வச்சிருக்க?" அண்ணன் திரும்பிப் பார்த்தான். "எங்கயாவது வையேன்."

சமமான இடம் பெட்டியின் மேல்தான் இருந்தது. சூடான டப்பாவை அங்கே வைக்க முடியாது. மடியில் துப்பட்டாவை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கி, சாயாமல் பிடித்தாள்.