சுற்றிப்போன மல்லிகை

கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்யும் உதயசூரியன் மல்லிகை மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் எதிர்க்கடை ரஞ்சிதாவின் வேன் மேல்தான். பாதி வண்டி காலி. அவன் வண்டியும் பாதி காலிதான், அது வேறு விஷயம். ரஞ்சிதாவின் வேன் ஆலங்குடிச் சாலையை விட்டுவிட்டுக் கறம்பக்குடிப் பக்கம் திரும்பியது.

"அங்கிட்டு இம்புட்டுப் பூவை யாரு வாங்குறா?" அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யார் பூ எந்தக் கடைக்குப் போகிறது என்பதை அங்கே ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தான் புதுக்கோட்டைப் பூக்கடைக்காரர் ரகுநாத்துக்குப் பூக் கொடுப்பது ரஞ்சிதாவுக்குத் தெரியக்கூடாதென்று உதயசூரியனும் நேர்வழியான ஆலங்குடியை விட்டுவிட்டு அறந்தாங்கியைச் சுற்றித்தான் போவான். டீசல் கரைந்தது, மொட்டும் வாடியது. இன்னொரு முறை வாடின பூ வந்தால் வாங்கமாட்டேன் என்று ரகுநாத் முந்தின நாள்தான் கறாராகச் சொல்லியிருந்தார். அந்தக் கடையும் கைவிட்டுப் போனால் வேனை விற்க வேண்டியதுதான். அது தெரிந்தும், ரஞ்சிதாவின் புது வியாபாரியைப் பார்த்தே தீருவதென்று அவள் பின்னாலேயே வண்டியை விட்டான்.

கறம்பக்குடி வந்தது, போனது. வேன் எங்கேயும் நிற்கவில்லை. தஞ்சாவூரோ என்று நினைத்தான். அதுவும் இல்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் புதுக்கோட்டையில், ரகுநாத் கடைக்குப் பக்கத்துக் கடையில் போய் நின்றது.

"எதுக்குண்ணே என் பின்னாடியே வாரீங்க?" என்றாள் ரஞ்சிதா.

"நீ எதுக்கு ஆலங்குடி வழியா வரலை?"

"நீங்க பாத்துருவீங்கன்னுதான்."

உதயசூரியனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அதற்குள் ரகுநாத் அவன் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வாடிப்போச்சு. எடுத்துட்டுப் போங்க."

ரஞ்சிதாவின் பூவும் வாடித்தான் கிடந்தது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாருங்கண்ணே," என்று உதயசூரியன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் இருவர் பூவும் ஒரே வேனில், ஆலங்குடி வழியே நேராக வந்து இறங்கின. ரகுநாத் மொட்டுகளை அள்ளிப் பார்த்தார். ஒன்றுகூட வாடவில்லை.

"இன்னைக்கு மட்டும் எப்படிப்பா?"

"ரெண்டு பேரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு பாதி காலி வண்டிய ஊர் சுத்த விட்டோம்ணே," என்றான் உதயசூரியன். "ரோட்டோரத்துப் புள்ளைக மூச்சுல புகையை விட்டதும் அதுதான், எங்க லாபத்தத் தின்னதும் அதுதான். போட்டி பூவுல இருக்கட்டும், ரோட்டுல வேணாம். வீணாக்குறத நிறுத்துனா காத்தும் கெடாது, கையிலயும் மிஞ்சும்."