வியாழக்கிழமைச் சவுனா

சில்வி இறந்த வியாழக்கிழமை பகலில் அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அக்கா ஐலி, மகன் ரைனோ, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் டெனிஸ், பிறகு கார்மெலா. கார்மெலாவுக்கு உறவுமுறை கிடையாது. இத்தாலியக் குடியிருப்புப் பெண். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை சில்வியோடு ஒரே அடுப்பில் நின்றவள். வேறு யாரும் அங்கே இல்லை. பாதிரியார் மாலையில்தான் வந்தார்.

ஐலி கொல்லையில் இருந்த நீராவிக் குளியலறையான சவுனாவில் குனிந்து, அடுப்பில் பிர்ச் மர விறகைத் திணித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தவிர வேறு நாளில் அந்த அடுப்பை மூட்டியதாக அவளுக்கு நினைவில்லை.

டெனிஸ் வாசலில் வந்து நின்றாள். "நாலு மணிக்குச் சவப்பெட்டிக் கடை வண்டி வரும், ஐலி அம்மா. அதுக்குள்ள முடியுமா? இல்லன்னா அவங்களே அங்க வெச்சு எல்லாம் செஞ்சிருவாங்க."

"நாலு மணிக்கு வரட்டும். ரெடியா இருப்பா."

எங்கள் ஊரில் முன்பெல்லாம் இறந்தவர்களைச் சவுனாவில்தான் குளிப்பாட்டுவார்கள். வீட்டுப் பெண்கள் செய்ய வேண்டிய வேலை அது. இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் போன வாரம் சில்வி ஐலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சவுனாவுலயே என்னைக் குளிப்பாட்டி அனுப்புக்கா. அந்தக் கடைக்காரன் கையில விட்டுறாத" என்றாள். இந்த நோயில் அக்காவிடம் அவள் கேட்ட ஒரே உதவி அதுதான். மற்றதையெல்லாம் கார்மெலாவிடம் கேட்டுவிட்டாள்.

நோயென்று தெரிந்ததும் முதலில் சொன்னதே கார்மெலாவிடம்தான். ஐலிக்குத் தெரிந்தது, பனி கொட்டிய ஒரு காலையில் பக்கத்திலேயே இருந்த சில்வி வீட்டு முற்றத்தில் கார்மெலாவின் கார் உறுமிக்கொண்டு நின்றபோது. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள். துணி எடுக்க என்றாள் சில்வி.

கார்மெலா கண்ணாடியை இறக்கினாள். "துணியும் இல்ல, மணியும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு. மார்புல கட்டி. உங்க தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராது, ஐலி அக்கா. என்னால வண்டி ஓட்டிக்கிட்டே அவளுக்காகப் பொய்யும் சொல்ல முடியாது."

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கார்மெலாதான் ஓட்டினாள். ஏரிக்கரைச் சாலையில் முன்னால் போகிற லாரி கூடத் தெரியாத நாட்களிலும் ஓட்டினாள். மருந்து ஏறி முடியும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சீட்டாடினாள். அதில் கள்ளாட்டம் ஆடினாள் என்று சில்வியே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆஸ்பத்திரி சூப்பை முகர்ந்து பார்த்து, "இதுல கோழி குளிச்சிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன சூப்பைப் புகட்டினாள். ஐலி தினமும் ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்பினாள். அது பெரும்பாலும் திரும்பி வந்தது.

மார்பை எடுத்த பிறகு சில்வி சவுனாவுக்கு வருவதை நிறுத்தினாள். தோலுக்குச் சூடு ஆகாது என்று டாக்டர் சொன்னது உண்மை. தோல் ஆறி, டாக்டரே போகலாம் என்ற பிறகும் அவள் வரவில்லை. சனிக்கிழமைதோறும் ஐலி மட்டும் மேல்பலகையில் உட்கார்ந்திருந்தாள். சிறுவயதில் அந்தப் பலகையில்தான் இருவருக்கும் போட்டி. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவி எழும்போது யார் முதலில் கீழே இறங்குவது என்று பார்ப்பார்கள். சில்வி ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்துவிடுவாள். ஐலிதான் எப்போதும் முதலில் இறங்குவாள். வெளியே வந்து இருவரும் பனியில் புரள்வார்கள். செப்புச் சுரங்கத்திலிருந்து வந்த அப்பா தன் முறைக்காகப் படியில் உட்கார்ந்து, இரண்டு பன்றிக்குட்டிகள் என்று சத்தம் போடுவார். அம்மா சன்னலில் காப்பிக் கெண்டியைத் தூக்கிக் காட்டுவாள்.

வசந்தத்தில் ஒருநாள் கார்மெலா அந்த முற்றத்தைக் கடந்து போனாள். கோட்டுக்குள் பச்சை நிற நீச்சல் உடை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. "சாகறதுக்கு முன்னாடியே நரகத்துல எதுக்கு ஒத்திகை?" என்று காலமெல்லாம் சவுனாவைக் கேலி செய்தவள். ஐலி கையில் ரொட்டித் தட்டோடு வேலியருகே நின்றாள்.

சவுனாவுக்குள்ளிருந்து சில்வியின் குரல் கேட்டது. "கடல்ல குதிக்கவாடி வந்திருக்க? சவுனாவுக்கு எவளாவது இதைப் போட்டுட்டு வருவாளா? கழட்டு."

"கழட்டினா பயந்துருவ. நாலு பிள்ளை பெத்த வயிறுடி இது."

"என்னைப் பாரு. இதைவிடவா?"

ரப்பர் பூட்ஸ் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு கார்மெலா, "சரி. ரெண்டு பேரும் அழகிப் போட்டிக்குப் போக வேண்டாம்" என்றாள். அதற்குப் பிறகு கேட்ட சிரிப்பை ஐலி எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை. தட்டோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சில்வி அக்காவோடு மேல்பலகையில் வந்து உட்கார்ந்தாள். ஐலி தழும்பைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தவா?" என்று மட்டும் கேட்டாள். ஊற்றச் சொன்னாள் சில்வி. அடுத்த குளிர்காலத்துக்குள் நோய் திரும்பிவிட்டது.

இந்த வியாழக்கிழமை சவுனா சூடானதும், ரைனோ அம்மாவைப் போர்வையோடு தூக்கி வந்து கீழ்ப்பலகையில் கிடத்தினான். "பெரியம்மா, தனியாவா செய்யப் போறீங்க?"

"என் தங்கச்சி. நான் செய்வேன். நீ போ."

அவன் போனான். ஐலி கதவைச் சாத்தினாள். முகத்தைத் துடைத்தாள், கைகளைத் துடைத்தாள். கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி கோழிக்குஞ்சின் தூவி மாதிரி இருந்தது. முதுகைக் கழுவப் புரட்ட வேண்டியிருந்தது. தோளுக்கடியில் கை கொடுத்தாள். வாதம் பிடித்த மணிக்கட்டு பிடிக்கவில்லை. மறுபடி முயன்றாள். சில்வியின் கை பலகையிலிருந்து சரிந்து தொங்கியது. அதை எடுத்து மேலே வைத்துவிட்டு, ஐலி நின்றுகொண்டே இருந்தாள். ஆறாத வெந்நீர் இன்னும் ஒரு வாளி இருந்தது. நேரமும் இருந்தது.

சின்னச் சன்னல் வழியே பார்த்தாள். கார்மெலா கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். குடும்பத்துக் காரியம், நான் கிளம்புகிறேன் என்று அவள் சமையலறையில் சொன்னபோது ஐலி தடுக்கவில்லை.

இப்போது கதவைத் திறந்தாள்.

"கார்மெலா."

"என்னக்கா?"

"உள்ள வா. சூடு போகுது."

கார்மெலா சுரண்டியைக் காரின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். சட்டைக் கையைச் சுருட்டினாள். ஐலி இடப்பக்கம் குனிந்ததும், அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் தூக்காதீங்க. அவளுக்கு வலிக்கும்."

கார்மெலா வலப்பக்கம் வந்து, சில்வியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரே அசைவில் திருப்பினாள். "அவ்வளவுதான்டி. முடிஞ்சுது. கழுத்தை விறைக்காத" என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டே முதுகைத் தேய்த்தாள். தழும்பின் மேல் துணியை வைத்தபோது மட்டும் பேசவில்லை. ஐலி செப்புக் கரண்டியில் வெந்நீர் மொண்டு, அவள் கை போன இடத்திலெல்லாம் ஊற்றினாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தபோது சில்வி நீல உடுப்பில் தயாராக இருந்தாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தார்கள். கார்மெலா மேசைக் கோடியில் நின்று ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். லெம்பி ஹார்யு கோப்பையோடு ஐலியிடம் வந்தாள். ஊர்ச் செய்தி முதலில் அவளிடம் போய்விட்டுத்தான் மற்றவர்களுக்கு வரும்.

"கேள்விப்பட்டேன் ஐலி. இந்த வயசுல ஒத்தை ஆளா நின்னு உங்க தங்கச்சியக் குளிப்பாட்டினீங்களாமே. ஊர் பூரா அதே பேச்சுதான். உங்க குடும்பம்னா குடும்பம்தான்."

மேசைக் கோடியில் கத்தி ஒரு கணம் நின்றது. கார்மெலா தலை நிமிரவில்லை. மறுபடி அறுக்கத் தொடங்கினாள்.

ஐலி கோப்பையைத் தட்டில் வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள்.

"உங்ககிட்ட யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க, லெம்பி," என்றாள். "குளிப்பாட்டினது கார்மெலா. நான் தண்ணி ஊத்தினேன்."