ரெண்டு ஃபேனே ஜாஸ்தி

"அண்ணா, மறுபடியும் அணைஞ்சிடுச்சி" என்று மோனிகா போனில் சொன்னதுமே தணிகைவேலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, "அப்படியா? எப்படிம்மா?" என்று கேட்டான்.

திருத்தணி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அவன். மோனிகா பள்ளிப்பட்டில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவள். அவளுக்கு அவன் கட்டிக்கொடுத்தது சாதாரண மிஷின் இல்லை. உள்ளே சின்னக் குழாய்களில் தண்ணீர் ஓடும். அது சூட்டை வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் விடும். ஃபேன்கள் ஊதி வெளியே தள்ளும். லாரியின் மூக்குக்குள் இருக்கிறதே, அதன் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே அவள் கேட்டாள். "எங்க மாடி ரூம் ஷீட்டு போட்டது அண்ணா. வெயில் காலத்துல வெந்துடும். மூணு ஃபேன் வெச்ச பெரிய ரேடியேட்டரே போட்டுடலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் மிஷினை அடைக்கிற கேபினெட் டப்பாவை அவன் அளந்து பார்க்காமல் வாங்கிவிட்டிருந்தான். பெரிய ரேடியேட்டரை உள்ளே வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம் இடித்தது. 'அளக்காம வாங்கிட்டேன்மா, மாத்தித் தரேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ரெண்டு ஃபேனே ஜாஸ்தி. நீ இன்னா, கரண்டு தயாரிக்கவா போறே?" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நம்பியும்விட்டாள்.

சித்திரை வெயில் ஏறியதும் மிஷின் பாதி வேலையில் தானாக அணைய ஆரம்பித்தது.

போன வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் போனான். மாடி ஏறியவனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. மிஷினின் தலையில், அனல் வெளியேறுகிற அதே இடத்தில், முருகன் படம்! மோனிகாவின் அம்மா மனோரமா பொட்டு வைத்து, பூ சாத்தி உட்கார வைத்திருந்தாள்.

"காத்து போற வழியில சாமியை வெச்சா எப்படிம்மா?"

மனோரமா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படத்தை இறக்கி அலமாரியில் வைத்தாள். காலை நேரம் என்பதால் மிஷின் ஒழுங்காக ஓடியது. ஆனாலும் திரையில் சூட்டைக் காட்டுகிற எண் சிவப்பிலேயே நின்றது. தணிகைவேல் அதை மட்டும் சட்டென்று மூடிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்துவிட்டான்.

இப்போது போனில் மோனிகா சொன்னாள்: "சாமியை எறக்கினதாலதான் கோவம்னு அம்மா சொல்லுது. மொட்டை போடறேன்னு வேண்டிகினு கீது அண்ணா. சொன்னா கேக்கல. திருத்தணி மலைக்குத்தான் பஸ்ல வந்துகினு இருக்கோம்."

போனை வைத்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. மலைமேல் இருக்கிறவன் பேரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். பேர் கொடுத்தவன் மேலேயே பழியைத் தூக்கிப் போட்டாயிற்று. அதற்கு ஒரு பொம்பளை தலைமுடியைக் கொடுக்கப்போகிறாள். ஷட்டரை இழுத்துவிட்டு மலைப்பாதையில் வண்டியை முறுக்கினான்.

மொட்டை போடுகிற இடத்தில் மனோரமா டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்துவிட்ட முடி இடுப்புவரை கிடந்தது.

"இன்னா நைனா, கடையை உட்டுட்டு?"

"அம்மா, எழுந்திருங்க. சாமிக்குக் கோவம் இல்ல. மிஷினுக்குப் பெரிய ரேடியேட்டர் போட்டிருக்கணும். நான் அளக்காம டப்பா வாங்கிட்டேன். வெக்கப்பட்டுகினு ரெண்டே போதும்னு சொல்லிட்டேன். படத்து மேல பழி போட்டதும் நான்தான்."

மோனிகா அவனையே பார்த்தாள். "நான் கேட்டேனே அண்ணா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மனோரமா யோசித்தாள். "இப்போ சரி பண்ணிக் குடுத்துடுவியா?"

"நாளைக்கே. டப்பாவையும் மாத்திடறேன்."

"மிஷினு சரியாவணும்னுதானே வேண்டிகினேன்? உன் வாயாலயே உண்மையை வரவெச்சிட்டான் பாரு என் அப்பன்!" என்றவள், டோக்கனை நீட்டிவிட்டுக் கத்திக்கு முன்னால் போய்க் குனிந்துவிட்டாள்.

"அம்மா, வேணாம்மா..." என்று அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. அவன் தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். திருப்பிக்கொள்ளத் தனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றவே, பார்த்துக்கொண்டே நின்றான்.

குளித்து, தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு மனோரமா சிரித்தபடி வந்தாள். "மண்டை ஜில்லுனு கீது நைனா. மிஷினுக்கும் இதேபோல பண்ணிக் குடு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மோனிகா சிரிக்கவில்லை.

"மூணு ஃபேன்" என்றாள். "அளந்துட்டு வாங்குங்க அண்ணா."