சுருக்கத்தில் விடுபட்ட வரி

அண்ணி போனில் முதலில் சொன்னது குழந்தையைப் பற்றியல்ல, போட்டோவைப் பற்றி.

"உன் மூஞ்சி பளிச்சுனு வந்திருக்குடி. பக்கத்துலயே 'மருத்துவர் சரிபார்த்தது'ன்னு வேற. உங்கண்ணன்கிட்ட ஒரே பீத்தல்தான்."

கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் சிரித்துக்கொண்டாள். ஓர் உடல்நல இணையதளத்துக்கு அவள் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுக்கிறாள். எங்கோ ஒரு ஊரில், காய்ச்சலில் துவளும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யாரோ தன் வாக்கியங்களைப் படிப்பதாக நினைத்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்கும். அந்த யாரோவுக்கு இதுவரை முகம் இருந்ததில்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல். அதுல போட்டிருந்த மாதிரியே பாராசிட்டமால் அஞ்சு மில்லி குடுத்தேன். காலையிலேர்ந்து மூணு வாட்டி. இப்பதான் அசந்து தூங்குது."

"எதை அண்ணி? சிரப்பா, சொட்டு மருந்தா?"

"சொட்டு மருந்துதான். எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. சொட்டு மருந்து பல மடங்கு அடர்த்தி. சிரப்பின் அளவில் கொடுத்தால் ஈரலையே கெடுத்துவிடும். அந்த எச்சரிக்கையைக் கட்டுரையில் அவளே எழுதிச் சேர்த்திருந்தாள்.

"பாப்பாவைத் தூக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பாட்டிலையும் எடுத்துக்கங்க. நான் நேரா அங்க வந்துடறேன்."

டாக்சியில் போகும்போது கட்டுரையைத் திறந்து பார்த்தாள்; எச்சரிக்கை வரியைக் காணோம். இணையதள ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

"போன்ல யாரு மேடம் கடைசி வரைக்கும் படிக்கிறாங்க? அஞ்சு வரியா சுருக்கினேன். நீங்க ஓகே போட்டப்புறம்தான் ஏத்தினேன்."

உண்மைதான். திருத்தம் என்று அவன் அனுப்புவதெல்லாம் காற்புள்ளி, அரைப்புள்ளிதான். இதையும் லிப்டுக்காக நின்றபோது, திறந்துகூடப் பார்க்காமல் ஓகே தட்டியிருந்தாள்.

"முதல்ல அதை எடுங்க."

"எடுத்துடறேன். ஆனா நிறைய பேரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க மேடம்."

அவசரப் பிரிவில் அண்ணன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். எதற்கு இவ்வளவு மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்ட டியூட்டி டாக்டரிடம் அண்ணி போனை நீட்டினாள். "நானா குடுக்கல சார். இதோ, இவளே சரிபார்த்தது. எங்க நாத்தனார்."

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது தப்பு அண்ணி," என்றாள் அவள். "ஒரு வரியை எடுத்துட்டாங்க. நான் பார்க்காம சரின்னுட்டேன்."

அண்ணிக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு, யாரிடமோ வழி கேட்பதுபோல, "சரி. இப்ப என்ன பண்ணணும்? நீயே சொல்லு," என்றாள்.

ஈரலைப் பரிசோதிக்க ரத்தம் எடுத்து முடித்த நர்ஸ், அந்தச் சின்னக் குழாயை உள்ளங்கையில் பொத்தியபடி நீண்ட நடைகூடத்தில் நடந்துபோனாள். கோடியில் இருந்த இரட்டைக் கதவு அவளை உள்ளே விட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது.